நீதிபதி நியமனமும் ஏடுகளின் சொல்லும்

(அல்சூரில் 2023 ஏப்ரலில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னை உயர் நீதிமன்றத்திற்கு யார் நீதிபதியாக வருகிறார் என்பதைப் பற்றிப் பெங்களூரில் ஏன் பேசவேண்டும் என்று ஒரு தோழர் கூட்டத்திற்கு முன்பே கேட்டார். நியமனத்தைவிட, அதை ஏடுகள் சொன்ன விதத்தையும் நாம் அதை நம்பிப் படித்த விதத்தையும் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அந்த ஏடுகளே நம் வீட்டுக்கும் வருகின்றன.

வழக்கறிஞர் ஆர்.ஜான் சத்யன் பெயரை உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2022 பிப்ரவரி 16 அன்று பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் அதே பெயரை மீண்டும் வலியுறுத்தியதோடு, வழக்கத்திற்கு மாறாக அரசின் ஆட்சேபத்தையும் வெளியிட்டது. உளவுத்துறை கண்டுபிடித்தவை இரண்டு. பிரதமரை விமர்சித்து வெளிவந்த, வேறொருவர் எழுதிய கட்டுரையை அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார் என்பது ஒன்று. மாணவி அனிதாவின் சாவை அரசியல் துரோகத்தால் நேர்ந்த கொலை என்று சித்திரித்தார் என்பது இன்னொன்று.

அனிதா யாரென்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூரின் தலித் மாணவி. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1176 பெற்றவர். நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை சென்று நின்று, 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த நாட்களில் கோபத்தோடு எழுதாத தமிழர் எத்தனை பேர்? அதுவே நீதிபதியாவதற்குத் தகுதிக் குறைவென்றால், இந்த அறையில் இருக்கும் ஒருவரும் தேறமாட்டோம்.

அதே உளவுத்துறை அறிக்கை, அவருடைய நேர்மைக்கு எதிராக எதுவும் தென்படவில்லை என்றும், வெளிப்படையான அரசியல் சார்பு அவருக்கு இல்லை என்றும் சொல்லியிருந்தது. ஆனால் தலைப்புகளில் நின்றது 'மோடியை விமர்சித்த பதிவு' என்பதே. சில நாட்களில் அதுவும் பின்னுக்குப் போயிற்று. உளவு அறிக்கையைப் பொதுவெளியில் வைத்தது மிகவும் கவலைக்குரியது என்றார் அன்றைய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு. உடனே தொலைக்காட்சி விவாதங்கள் இரகசியத்தின் பக்கம் திரும்பின. ஒரு குடிமகன் என்ன படிக்கிறான், எதைப் பகிர்கிறான் என்று அரசு ஏன் குறித்துவைக்கிறது என்ற கேள்வி தனித்து விடப்பட்டது.

ஜனவரி 17 அன்றே பரிந்துரைக்கப்பட்ட இன்னொரு பெயர் எல்.விக்டோரியா கௌரி. அவர் பா.ஜ.க. மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். சென்னை வழக்கறிஞர்கள் 21 பேர் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்திற்கும் மடல் எழுதினர். முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் எதிராக அவர் பேசியவற்றையும், 2012இல் ஆர்கனைசர் ஏட்டில் எழுதிய கட்டுரையையும் எடுத்துக்காட்டினர். பிப்ரவரி 6 அன்று நியமன ஆணை வந்தது. மறுநாள் காலை டெல்லியில் வழக்கு விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே சென்னையில் பதவியேற்பு நடந்தேறியது. வழக்கு தள்ளுபடியானது. ஒருவருக்குச் சட்டப்படியான தகுதி உண்டா என்று பார்க்கலாம், அவர் பொருத்தமானவரா என்று நீதிமன்றம் ஆராயாது என்று அமர்வு பின்னர் காரணம் கூறியது.

மனுதாரர்களுக்காக வாதிட்ட மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் சொன்னதை இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். எங்கள் எதிர்ப்பு அரசியல் சார்பின் மீதல்ல, வெறுப்புப் பேச்சின் மீது என்றார் அவர். ஏடுகளில் பெரும்பாலும் வந்ததோ 'பா.ஜ.க. தொடர்பு சர்ச்சை'. இப்படிச் சுருக்கினால் பதில் சொல்வது எளிது: அரசியல் பின்னணி யாருக்குத்தான் இல்லை? அமர்விலிருந்த நீதிபதி பி.ஆர்.கவாய் தமக்கும் அரசியல் பின்னணி இருந்ததைக் குறிப்பிட்டார். கிருஷ்ணய்யரின் பெயரும் நினைவூட்டப்பட்டது.

வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1957இல் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்ட அமைச்சர். 1973இல் அவரை உச்ச நீதிமன்றத்திற்குக் கொண்டுவந்தபோது, அந்தப் பழைய அரசியலைக் காட்டியே பம்பாய் வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தனர். அவர்களுள் ஒருவரான சோலி சோராப்ஜி, தாம் தவறிவிட்டதாகப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 'கட்சிக்காரர் நீதிபதியா?' என்று நாமும் கேட்டால், அன்றைய பம்பாய் வாதத்தைத்தான் திருப்பிச் சொல்கிறோம். கட்சி வேறு, வெறுப்பு வேறு. நாளை வழக்காட வருபவரின் மதத்தையே ஆபத்து என்று பேசியவர் முன், அவர் நம்பிக்கையோடு நிற்க முடியுமா என்பதே கேள்வி. நம் ஏடுகள் சிலவும் அதைக் கேட்காமல் கட்சிப் பெயரோடு நின்றுவிட்டன. இதை மறைப்பதில் பயனில்லை.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? 2022 டிசம்பர் இறுதியில் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் கைக்குப் போனதை அறிவீர்கள். முதலாளியின் கை உண்டு, ஐயமில்லை. ஆயினும் ஒவ்வொரு செய்தியாளரும் விலைபோனவர் என்பது சோம்பேறித்தனமான விளக்கம். நடுநிலை ஏடுகள் என்று பெயரெடுத்தவையும் 'சர்ச்சை' என்றுதான் எழுதின. அந்தச் சொல் வசதியானது: யார் என்ன சொன்னார் என்று சரிபார்க்கும் வேலை மிச்சம், இரு தரப்புக்கும் சமமாக இடம் கொடுத்த தோற்றமும் கிடைத்துவிடும்.

விடுபட்ட செய்தியும் ஒருவகைச் சார்புதான். கொலீஜியம் மீண்டும் வலியுறுத்திய பெயரை மூன்று நான்கு வாரங்களில் நியமிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே கூறியது. ஜான் சத்யனுக்கு இன்றுவரை ஆணை வரவில்லை. அவருக்கு முன்னுரிமை தரச் சொல்லியும், அவருக்குப் பின் பரிந்துரைக்கப்பட்டவர்கள் பதவியேற்றுவிட்டனர். கடந்த மார்ச் 21 அன்று கொலீஜியம் இதைக் கவலைக்குரியது என்று எழுத்திலேயே பதிவுசெய்தது. நம் கர்நாடக உயர் நீதிமன்றத்திற்கு 2019இல் பரிந்துரைக்கப்பட்ட நாகேந்திர ராமச்சந்திர நாயக் பெயரைக் கடந்த ஜனவரி 10 அன்று மறுபடியும் வலியுறுத்த வேண்டியதாயிற்று. இப்பெயரைக் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் எத்தனை கைகள் எழும்? அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை 1991 முதல் 2009 வரை மூடிக்கிடந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். அகற்றவும் இல்லை, திறக்கவும் இல்லை. இந்தப் பெயர்களுக்கும் அதே கதிதான். மறுத்தால் செய்தியாகும், மூடிவைத்தால் ஆகாது.

தெருமுனைக் கூட்டத்திற்கென நம் தோழர்கள் எழுதிய துண்டறிக்கையை வரும் வழியில் படித்தேன். தலைப்பு 'பா.ஜ.க. நிர்வாகி நீதிபதியா?' என்றிருக்கிறது. அனிதாவின் பெயர் உள்ளே எங்குமே இல்லை. இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றார்கள். இன்றிரவே உட்கார்ந்து திருத்திவிடலாம், நானும் இருக்கிறேன்.