கைப்பேசிக்குள் ஓர் ஏரியல்



2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் கைப்பேசியோடு மேட்டில் ஏறிநின்று பாடம் கேட்டார்கள். பள்ளத்தில் அலை எட்டவில்லை. ஏரியலின் சிறுமையும் அதற்கு ஒரு காரணம்.

பொதுவாக, கால் அலைநீளமுள்ள ஏரியல் நன்கு வேலை செய்யும். 100 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையின் நீளம் 3 மீட்டர். அதற்கு 75 சென்டிமீட்டர் கம்பி வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலைக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் போதும். அதையும் மடித்து உள்ளே அடக்கிவிடுகிறார்கள்.

மேலும் சுருக்கினால் என்ன? அது ஏற்கும் அலைவரிசை குறுகும். ஆற்றலில் ஒரு பங்கு உலோகத்திலேயே வெப்பமாகி வீணாகும். இந்த எல்லையை 1947-இல் வீலரும் 1948-இல் சூவும் கணக்கிட்டுக் காட்டினர்.

இன்றைய கைப்பேசிகளில் ஏரியல் பெரும்பாலும் விளிம்புகளில் இருக்கும். ஆகவே, அலை குறைந்த இடத்தில் விளிம்பைக் கையால் மூடாமல் பிடியுங்கள்.