வாந்திபேதியின் நஞ்சு

வாந்திபேதி என்றும் கொலரா என்றும் வழங்கும் நோய், காலையில் நலமாயிருந்த ஒருவரை மாலைக்குள் மாய்த்துவிடும் கொடுமையுடையது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர், கப்பலேறுமுன் மண்டபம் முகாமிலே நாட்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டமைக்கு இந்நோய் பற்றிய அச்சமும் ஒரு காரணம். இத்துணைக் கேட்டையும் செய்வது, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு நீளமே உடைய, காற்புள்ளிபோல் வளைந்த ஒரு பற்றீரியா.

இத்தாலியரான பிலிப்போ பச்சினி 1854ஆம் ஆண்டிலேயே இதனை நுணுக்குக்காட்டியிற் கண்டு எழுதியிருந்தார், அறிஞருலகம் செவிசாய்க்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1884இல், ஜெர்மானியரான ரொபேட் கொக் கல்கத்தாவிலே இதனைத் தனியே பிரித்து வளர்த்து, நோய்க்குக் காரணம் இதுவே என்றார். எனினும், விலங்குகளில் அதே நோயை உண்டாக்கிக் காட்ட அவரால் அங்கு இயலவில்லை. கிருமி மட்டும் நோயை விளைவிக்காது என்று வாதாடிய மியூனிக் நகரப் பேராசிரியர் பெற்றன்கோபர், 1892இல் கிருமி நிறைந்த நீரைத் தாமே குடித்துக் காட்டினார். சிறிது வயிற்றுப்போக்குடன் தப்பிக்கொண்டார். அது அவருடைய நல்வினை. அறிவியல் நிரூபணம் அன்று.

குடிநீரோடு உட்செல்லும் கிருமிகளிற் பெரும்பாலானவை இரைப்பையின் அமிலத்தில் மடிகின்றன. ஆகையால் நல்லுடலுடைய ஒருவரை வீழ்த்தக் கோடிக்கணக்கான கிருமிகளும் வேண்டியிருக்கலாம். தப்பியவை சிறுகுடலை அடைந்து, வால்போன்ற இழையை அசைத்து நீந்தி, சளிப்படலத்தைக் கடந்து, குடற்சுவரைப் பற்றிக்கொள்கின்றன. வியப்பு இங்கேதான் உளது. நெருப்புக்காய்ச்சற் கிருமி குடற்சுவரைக் கடந்து குருதியிற் புகுகின்றது. வாந்திபேதிக் கிருமியோ சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடுகின்றது. வீட்டினுள் நுழையாத கள்வன் வீட்டை வெறுமையாக்குவது எங்ஙனம்?

விடையைக் கண்டவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சம்புநாத் தே. நஞ்சு, கிருமியின் உடலுக்குள்ளே அடங்கியிருப்பது என்றும், கிருமி சிதையும்போதே வெளிப்படுவது என்றும் அக்காலத்தார் நம்பினர். ஆகவே பலர் அதைக் குருதியிற் செலுத்திச் சோதித்து வந்தனர். நோய் நிகழுமிடம் குடலாயிருக்க, குருதியில் ஏன் தேடவேண்டும் என்பதே தேயின் வினா. முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டி, அதனுள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாட் பார்க்கையில் அப்பகுதி நீர் நிறைந்து வீங்கியிருந்தது. இம்முறையை 1953இல் வெளியிட்டார். பின்னர், கிருமிகளை முற்றாக வடித்து நீக்கிய வளர்ப்பு நீரை மாத்திரம் செலுத்தினார். அப்பொழுதும் குடல் வீங்கிற்று. உயிருள்ள கிருமியே ஒரு நஞ்சைச் சுரந்து வெளிவிடுகின்றது என்ற இவ்வுண்மை 1959இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியாயிற்று. நூலும் முயலும் வடிகட்டியுமே அதற்குரிய பெருஞ் சாதனங்கள்.

அந்நஞ்சு ஒரு புரதம். அதன் ஐந்து கூறுகள் குடற்கலத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, ஆறாவது கூறு உள்ளே சென்று, கலத்தின் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றது. குளோரைட்டு உப்பு ஓயாமல் வெளியேற, நீரும் அதனைத் தொடர்கின்றது. கடுமையான நோயில் மணிக்கு ஒரு லீற்றர் வரை நீர் இழக்கப்படலாம். ஆயினும் சர்க்கரையுடன் சேர்த்து உப்பை உறிஞ்சும் வழியை இந்நஞ்சு கெடுப்பதில்லை. 1971இல் வங்காள எல்லையிலுள்ள போங்கான் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் குடிப்பித்தே பல உயிர்களைக் காத்தது இவ்வழியாலேயே.

தடுப்பு மருந்தின் கதை இதற்கு முந்தியது. ஒடெசாவிற் பிறந்த வால்டிமர் ஹாவ்கின், 1892 யூலையில் பாரிஸ் நகரிலே தாம் ஆக்கிய மருந்தை முதலிற் தமது உடலிலேயே ஏற்றிக்கொண்டார். 1894இல் கல்கத்தாச் சேரி ஒன்றில் இருநூறு பேரளவில் 116 பேர் ஊசி ஏற்றிக்கொண்டனர். பின்னர் அங்கே நோயுற்றோர் யாவரும் ஊசி ஏற்றாதவரே. எனினும், பிற்காலத்தில் பரவலாக வழங்கிய ஊசி மருந்துகள் ஏறக்குறையப் பாதிப்பேரையே, அதுவும் சில மாதங்களுக்கே காத்தன. பயணிகளிடம் இவ்வூசிக்குரிய சான்றிதழ் கேட்கும் விதியை உலகச் சுகாதார மன்றம் 1973இல் நீக்கிற்று. குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருள், குடலின் உட்பரப்பில் நிற்கும் பகைவனைப் போதிய அளவில் எட்டுவதில்லை.

ஆகவே வாயால் அருந்தும் மருந்தை ஆராய்ந்தனர். இறந்த கிருமிகளோடு நஞ்சின் தீங்கற்ற ஐந்து கூறுகளையும் சேர்த்த மருந்து 1985இல் பங்களாதேசின் மட்லப் பகுதியிலே சோதிக்கப்பட்டது. முதல் ஆறு மாதங்களில் அது 85 வீதப் பாதுகாப்பு அளித்தது. மூன்றாண்டுக் கணக்கிலோ, அதுவும் இறந்த கிருமி மாத்திரம் கொண்ட மருந்தும் பாதியளவுக்கே ஒத்துநின்றன. அதனால் மலிவான இரண்டாவது வகையை வியட்நாமும் பின்னர் இந்தியாவும் ஆக்கத் துணிந்தன. இந்திய மருந்து 2009இல் அனுமதி பெற்றது.

தே 1985இற் காலமானார். 1978இல் ஸ்ரொக்ஹோமில் நடந்த நொபெல் கருத்தரங்கிற்கு அழைக்கப்பட்டும், தம் நாட்டு அறிவியற் கழகங்களிற் சிறப்புறுப்பினர் பதவியை அவர் பெறவில்லை. அவர் காட்டிய வழியில் வளர்ந்த மருந்தும் எல்லோருக்கும் போதியதாயில்லை. பல நாடுகளில் ஒருங்கே நோய் மூண்டமையால், நோய் பரவுமிடங்களில் இருமுறை கொடுக்கவேண்டிய மருந்தை ஒருமுறை மாத்திரம் கொடுப்பதென 2022 ஒக்டோபரில் முடிவாயிற்று.