நெறி கட்டிய பிறகு எடுத்த முடிவு

(ஆண்டு விழாவில், மகளிர் நலம் பற்றிய அமர்வில் பேசியது)



கடன் திருப்புவது பற்றிப் பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவேன். இன்றைக்கு என் உடம்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்றால் வெட்கப்பட்டு ஓடியிருப்பேன்.

2018 சித்திரையில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததால் விட்டுவிட்டேன். அப்போது எனக்கு 46 வயது. ஆனி மாதக் கடைசியில் அக்குளிலும் ஒன்று, சுண்டைக்காய் அளவுக்கு. அதைத் தொட்ட அன்று ராத்திரி தூங்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். பெயர் வேண்டாம். டாக்டர் கையால் பார்த்தார், ஒரு ஸ்கேன் எடுத்தார். "அக்குள்ல நெறி கட்டியிருக்கும்மா. பரவ ஆரம்பிச்சிடுச்சு. நாளன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க, மார்பை எடுத்துடலாம்" என்றார். ஒன்றரை லட்சம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கையில் இருந்ததும் நகையை வைத்துக் கிடைத்ததும் ஒரு லட்சம். மீதி ஐம்பதாயிரத்துக்குக் குழுவில் உள்கடன் கேட்டேன்.

நம்ம குழுவில் கடன் எதற்கு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல் ஒரு ரூபாய் நகராது. அன்றைக்கு நோட்டை எழுதிய தங்கை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவள். "என்ன ஆபரேஷன்னு எழுதறதுக்கா? ஊசி டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே?" என்றாள். ஊசி டெஸ்டே எடுக்கவில்லையே என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டாள். "சதை எடுத்துப் பார்க்காம மார்பை எடுக்க நான் தீர்மானம் எழுத மாட்டேன். நாளைக்குக் காலையில என்னோட அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. உயிர் போகிற நேரத்தில் இவள் நோட்டுப் புத்தகம் பேசுகிறாளே என்று. ஆனால் போனேன்.

அங்கே மார்புக் கட்டியிலிருந்து தடித்த ஊசியால் சதை எடுத்தார்கள். அக்குள் நெறியிலும் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி போட்டு எடுத்தார்கள். நெஞ்சு, வயிறு, எலும்பு எல்லாவற்றுக்கும் ஸ்கேன். முடிவு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் உள்ளே அது வளர்ந்துகொண்டே இருப்பது போல இருந்தது. இரண்டு வாரத்தில் எதுவும் தலைகீழாகிவிடாது, ஆனால் எந்த வகை என்று தெரியாமல் தொடங்கினால் தவறான பாதையில் போய்விடுவோம் என்றார் அந்த டாக்டரம்மா. சித்திரையிலிருந்து ஆனி வரை நான் சும்மா இருந்தேனே, அதுதான் தப்பு. இந்தக் காத்திருப்பு அப்படி இல்லை.

ரிப்போர்ட் வந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 மூன்றுமே நெகட்டிவ். நெகட்டிவ் என்றால் நல்லதுதானே என்று வராந்தாவிலேயே அழுது, ஆலையம்மனுக்கு வேண்டிக்கொண்டதைக்கூட வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போனதும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அந்த மூன்றும் புற்றுநோய் எதைத் தின்று வளர்கிறது, எதைப் பிடித்து அடிக்கலாம் என்று காட்டுகிற அடையாளங்கள். முதல் இரண்டில் ஒன்று பாசிட்டிவாக இருந்தால் ஐந்து பத்து வருஷம் மாத்திரை உதவும். ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதற்கென்றே தனி ஊசி இருக்கிறது. மூன்றும் நெகட்டிவ் என்றால் கீமோதான் முக்கிய ஆயுதம். அதனால் "உங்களுக்கு முதல்ல மருந்து. ஆபரேஷன் பிறகு" என்றார்.

வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. "ஆபரேஷன் பண்ண முடியாத நிலைன்னு கைவிட்டுட்டாங்க. நாலாம் ஸ்டேஜ்னு நம்மகிட்ட மறைக்கிறாங்க" என்று என் நாத்தனார் அழுதார். மாமியார், "ஆடி பொறந்தாச்சு, எதையும் ஆரம்பிக்காதே, ஆவணியில பார்த்துக்கலாம்" என்றார். நானும் நாத்தனார் பக்கம்தான் சாய்ந்தேன்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இங்கேதான் பலபேர் சிகிச்சையை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

அக்குளில் நெறி கட்டினால் அது நாலாம் ஸ்டேஜ் இல்லை. கல்லீரல், நுரையீரல், எலும்பு, மூளை என்று தூரத்து உறுப்புக்குப் போனால்தான் நாலாம் ஸ்டேஜ். மார்பிலிருந்து நிணநீர் முதலில் வடிவது பெரும்பாலும் அக்குள் நெறிகளுக்குத்தான். அங்கே வந்துவிட்டது என்றால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உடம்பு முழுக்கப் போகிற மருந்து தேவையா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். எத்தனை நெறி என்பதும் முக்கியம். ஒன்று முதல் மூன்று, நான்கு முதல் ஒன்பது, பத்தும் அதற்கு மேலும் என்று பிரித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

மருந்து முதலில் என்பதும் கைவிடுவது இல்லை. கட்டியும் நெறியும் உடம்பில் இருக்கும்போதே மருந்து கொடுத்தால் அது கேட்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். எடுத்துப் போட்ட பிறகு கொடுத்தால் அப்படிப் பார்க்க வழி இல்லை. கட்டி சுருங்கினால் ஆபரேஷனும் சின்னதாகும்.

இது வெளிநாட்டுப் புது நாகரிகமும் இல்லை. நம்ம வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கி வைத்த புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருக்கிறது. தொடங்கியபோது பன்னிரண்டு படுக்கைதான். அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், கட்டி பெரிதாகி நெறியும் கட்டி வருகிற பெண்களுக்கு முதலில் மருந்தும் கதிர்வீச்சும், அப்புறம் ஆபரேஷன் என்று பல வருஷம் செய்து காட்டினார்கள். 1990 முதல் 1999 வரை அப்படிச் சிகிச்சை எடுத்த 1,100க்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கை 2008ல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் சமயத்தில் நெறி சுத்தமாகியிருந்தவர்கள் நோயில்லாமல் அதிக நாள் இருந்தார்கள். சாந்தா அம்மா 2021 ஜனவரியில் காலமான செய்தியைக் கேட்டபோது, ஒரு தடவைகூட நேரில் பார்க்காத அந்த அம்மாவுக்காக நான் விளக்கேற்றினேன்.

இதையெல்லாம் தீர்மானம் எழுத மறுத்த அந்தத் தங்கையும் டாக்டரம்மாவும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஆடியிலேயே ஆரம்பித்தேன். மாமியார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பதினைந்து நாளில் கஞ்சி வைத்துக் கொடுக்க அவரே திரும்பி வந்தார், அது வேறு கதை.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் எட்டு. முதல் நான்கு அந்தச் சிவப்பு மருந்து. முடி, புருவம் எல்லாம் போயிற்று. வாந்திக்கு மாத்திரை கொடுத்தார்கள். வாய்ப்புண்ணுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அந்த ஆடிக்கூழுக்குக் கூட்டத்தில் போய் நிற்கக் கூடாது, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் ஓடி வரணும் என்றார்கள். மூன்றாவது ஊசிக்குப் பிறகு சுண்டைக்காய் கைக்குத் தட்டுப்படவில்லை. தேடித்தேடிப் பார்த்தேன், இல்லை.

அப்புறம்தான் அடுத்த முடிவு. மார்பை முழுசாக எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா?

"ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே எதுக்கு, எடுத்துப் போடு" என்றார்கள் வீட்டில். உண்மையைச் சொல்கிறேன், நானும் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முழுசா எடுத்துவிட்டால் கரண்ட் வைக்க வேண்டாம், தினம் தினம் அலைய வேண்டாம் என்ற கணக்கு. டாக்டரம்மா அந்தக் கணக்கைத் திருத்தினார். நெறியில் நோய் இருந்ததால், மார்பை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் எனக்குக் கரண்ட் வைத்தே ஆக வேண்டும். அப்படியானால் எடுத்து எனக்கு என்ன மிச்சம்? 2002ல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும், இருபது வருஷம் பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்த இரண்டு ஆய்வுகள் வந்தன. கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தவர்களும் மார்பை எடுத்தவர்களும் வாழ்ந்த காலம் ஒன்றாகவே இருந்தது. அதில் நெறி பாதித்த பெண்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. கட்டி பல இடத்தில் இருந்தால், மருந்துக்கும் சுருங்காவிட்டால் எடுக்கத்தான் வேண்டும். எனக்குப் பொருந்தியது. மார்பை வைத்துக்கொண்டேன்.

அக்குள் விஷயத்தில்தான் மனசு ஆடியது. நீல மருந்து ஏற்றி முதலில் நிறம் பிடிக்கிற மூன்று நான்கு நெறிகளை மட்டும் எடுத்துப் பார்ப்பது ஒரு வழி. மொத்தமாகச் சுத்தம் செய்வது இன்னொன்று. மொத்தமாக எடுத்தால் கை வீங்கலாம். முதலில் நோய் இருந்த நெறிக்கு ஊசி போட்டபோதே அடையாளம் வைத்திருந்தால் தேடிப் பிடிக்கலாம், எனக்கு அதை வைக்கவில்லை. "விட்டுப்போயிடுமோன்னு எனக்குப் பயம் இருக்கு, முடிவு நீங்க சொல்லுங்க" என்றார். மொத்தமாக எடுங்கள் என்றேன். பதினான்கு நெறி எடுத்தார்கள். ஒன்றில் கொஞ்சம் நோய் மிச்சம் இருந்தது. அதனால் பதினைந்து நாள் கரண்ட்டோடு ஆறு மாதம் மாத்திரையும் கொடுத்தார்கள்.

இரண்டாம் வருஷம் இடது கை வீங்கியது. இதோ, இந்த உறையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். மாவுச் சட்டியை அந்தக் கையால் தூக்க முடியாது. சில நாள் வருத்தமாகத்தான் இருக்கும். அந்த ஒரு நெறியை நினைத்துக்கொள்வேன்.

எனக்குச் செய்த மாதிரியே உங்களுக்கும் செய்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் துணைக்குப் போன நான்கு பேரில் ஒரு அக்காவுக்கு 62 வயது. சின்னக் கட்டி. ஸ்கேனில் நெறியே தெரியவில்லை. ஆபரேஷனில் நீல மருந்து வைத்து எடுத்ததில் இரண்டு நெறியில் நோய் இருந்தது. பாக்கியையும் எடுத்துவிடுங்கள் என்று அவர் மகன் ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் வேண்டாம் என்றார். அந்த மாதிரி நிலையில் மொத்தமாக எடுப்பதற்குப் பதில் அக்குளுக்குக் கரண்ட் வைத்தாலே போதும் என்று ஐரோப்பாவில் 2014ல் வந்த ஆய்வு காட்டியதாம். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்ததில், மொத்தமாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குக் கை வீக்கம் இருந்தது, கரண்ட் வைத்தவர்களில் 11 பேருக்கு. அந்த அக்கா இப்போது தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை போடுகிறார், பழையபடி இட்லிக் கடை போடுகிறார். எனக்கும் அவருக்கும் சொன்ன வார்த்தை ஒன்றுதான், "நெறியில இருக்கு". எடுத்த முடிவு வேறு வேறு.

இன்னொரு அக்கா நாட்டு மருந்து என்று போய், ஏழு மாதம் கழித்துப் புண்ணோடு திரும்பி வந்தார். அவரைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டாக்டரிடம் எதைக் கேட்பது என்று பலபேர் கேட்கிறீர்கள். நான் கேட்டதைச் சொல்கிறேன். நெறியில் நோய் இருப்பது ஊசியில் உறுதியானதா, ஸ்கேனில் பார்த்ததுதானா? அந்த மூன்று டெஸ்ட்டும் வந்துவிட்டதா? மருந்து முதலிலா, கத்தி முதலிலா, ஏன்? நெறியில் அடையாளம் வைப்பீர்களா? கரண்ட் எப்படியும் உண்டா? சேமிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு டாக்டர் சிரித்தார். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

பணத்துக்குப் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கார்டு இல்லாதவர்கள் இன்றைக்கே என்னிடம் பெயர் கொடுங்கள், வருமானச் சான்று வாங்குவதில்தான் நாள் ஓடும்.

நான் கேட்ட ஐம்பதாயிரம் உள்கடன் கடைசியில் வாங்கவே இல்லை. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் என்று ஐயாயிரம் வாங்கினேன். தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தங்கை "மருத்துவச் செலவு" என்று எழுதி, பக்கத்தில் பயாப்ஸி தேதியையும் குறித்து வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டமைப்பு அலுவலகத்தில்தான் இருப்பேன். மார்பில், அக்குளில் எதாவது தட்டுப்பட்டால் ரிப்போர்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்க. வீட்டுக்காரரையும் நாத்தனாரையும் கூட்டிக்கிட்டு வாங்க, அவங்ககிட்டயும் பேச வேண்டியிருக்கும்.