கலம்பகம் பெற்ற இரண்டு ஊர்கள்



செய்யூர் என்றதும் உப்பளமும் கந்தசாமி கோயிலும் நினைவுக்கு வரும். பாட்டறிந்தார்க்கு அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் நினைவுக்கு வருவார். பதினேழாம் நூற்றாண்டினரான அவர் இவ்வூருக்குச் சேயூர்க் கலம்பகம் பாடினார். பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். முதுகில் எழுதச் செய்து எழுத்தறிந்தார் என்பது வழிவழிச் செய்தி. பாடிய ஊரைக் கண்ணால் கண்டவரல்லர்.

கலம்பகம் பெற்ற மற்றோர் ஊர் கொள்ளிடத்தின் வடபால் உள்ள ஏலாக்குறிச்சி. 1680இல் இத்தாலியில் பிறந்து, முப்பது வயதுக்குப் பிறகே தமிழ் கற்ற வீரமாமுனிவர், அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்தார். அவ்விடத்தைத் திருக்காவலூர் என்றழைத்தார். அதற்குக் கலம்பகமும் பாடினார். காணாத ஊரைப் பாடினார் ஒருவர். பிறவாத மொழியில் பாடினார் மற்றவர். இருவர்க்கும் இலக்கணம் ஒன்றே. தேவர்க்கு நூறு, அந்தணர்க்குத் தொண்ணூற்றைந்து, அரசர்க்குத் தொண்ணூறு என்று பாட்டியல் நூல்கள் வகுத்த கணக்கில், மரியன்னைக்கு எந்த வரிசை என்று எந்தப் பாட்டியலும் சொல்லவில்லை. முனிவர் கேட்டுக்கொண்டு நிற்கவுமில்லை!

ஆயினும் சேயூர்க் கலம்பகம் படித்தவர் கந்தசாமி கோயிலுக்குப் போகிறார். திருக்காவலூர்க் கலம்பகம் படித்தவர் ஏலாக்குறிச்சிக்குப் போவது அரிது. வேற்றுச் சமயத்தார் கோயில் என்னும் தயக்கமே காரணம். பாட்டுக்கு அத்தயக்கம் இல்லை. அரியலூர் மழவராயர் பிளவை நோய் நீங்கி முனிவர் கோயிலுக்கு நிலம் அளித்தார் என்னும் கதையை அவ்வூரில் இன்றும் சொல்கின்றனர். கோணான்குப்பத்திலோ அவர் நிறுவிய பெரியநாயகி, புடவை உடுத்த தமிழ்ப்பெண்ணாகவே நிற்கிறாள். 1726இல் நிறைவுற்ற தேம்பாவனியில் சூசையப்பரின் நாடு தமிழ்நாட்டு வயலும் வாய்க்காலுமாக விரிவது ஏன் என்பதற்கு, உரைநூலைவிட அவ்வூர்க் காட்சி தெளிவாக விடை சொல்லும்.

அவ்வளவு தொலைவு இயலாதார்க்கு இக்கடற்கரையே போதும். கோவளத்தில் கார்மேல் மாதா கோயில் உண்டு. 1808இல் ஜான் டிமாண்டி என்னும் போர்த்துக்கீசிய வணிகர் கட்டியது. அவர் துயில்வதும் அங்கேதான். சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கோட்டையின் கல்லறைகளில் செதுக்குவேலை மிக்க கற்கள் கிடக்கின்றன. எழுத்து அயலது, கல்லில் பெயர் வெட்டி வைக்கும் ஏக்கம் நடுகல் நாட்டார்க்குப் புதிதன்று.

நாட்டுப்புறத்துப் பங்குக் கோயில்களுக்குச் செல்வோர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புதல் கூடாது. தரையைப் பார்க்க வேண்டும்; கல்லறைக் கற்கள் அங்கேதான் பதிந்திருக்கும். கோயிற்பிள்ளையையும் முதிய உபதேசியாரையும் கேட்க வேண்டும்; தேர் இழுக்கும் முறை, தவக்காலத்தில் பாடும் ஒப்பாரி, ஊர் வந்தேறிய கதை ஆகியவை அவர்கள் நாவில் உள்ளன. பழைய கோயில் சிறிதென்று இடித்துப் பெரிதாய்க் கட்டும் ஆசை எல்லாச் சமயத்தார்க்கும் உண்டு. தளம் பெயர்க்கும்போது தமிழ் எழுதிய கல் ஒன்று குப்புற விழுந்தால், படியாகி மிதிபடும். அதற்கு முன் அதனைப் படியெடுத்து வைக்கத்தக்கவர் எழுத்தறிந்த கவிஞரே.

தஞ்சையிலிருந்து அரியலூர்ச் சாலையில் கொள்ளிடம் கடந்தால் திருமானூர். அங்கிருந்து ஏலாக்குறிச்சி அருகில்தான். கலம்பகங்கள் இரண்டையும் கையோடு கொண்டு செல்லலாம். ஒருவர் சேயூரைப் படிக்க, மற்றவர் திருக்காவலூரைப் படிக்கட்டும்.