உள்ளங்காலை அழுத்தினால் நோய் போகுமா?

 

பொருட்காட்சிக்குப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு கடையில் செருப்பு விற்பார்கள். செருப்பின் மேல் முள் முள்ளாக மேடு இருக்கும். மரத்தில் செய்த உருளையும் விற்பார்கள். "இதை மிதித்தால் இரத்தக் கொதிப்பு போகும். இதை உருட்டினால் சர்க்கரை இறங்கும்" என்று ஒலிபெருக்கியில் கூவுவார்கள். நகரத்துப் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த நடைபாதைகூட உண்டு. பாதத்தை அழுத்திவிடும் நிலையங்களும் பல ஊர்களில் வந்துவிட்டன. சுவரில் பெரிய பாதம் ஒன்றின் படம் தொங்கும். அந்தப் பாதத்துக்குள்ளே கண், காது, இதயம், குடல் எல்லாம் வரைந்திருக்கும்.

இந்த முறைக்கு ரிஃப்ளெக்ஸாலஜி என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். பாத அழுத்த முறை என்று சொன்னால் போதும்.

இது எங்கே பிறந்தது? அமெரிக்காவில். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். காது, மூக்கு, தொண்டை பார்ப்பவர். அவர் உடம்பைத் தலை முதல் கால் வரை நெடுக்காகப் பத்துப் பாகமாகப் பிரித்தார். கால் விரல் பத்து, பாகமும் பத்து. ஒரு பாகத்தில் ஓரிடத்தை அழுத்தினால் அதே பாகத்தில் வேறோர் இடத்து வலி குறையும் என்றார். 1917ஆம் ஆண்டு இன்னொருவரோடு சேர்ந்து இதைப் புத்தகமாகவும் எழுதினார். அதன் பிறகு யூனிஸ் இங்காம் என்ற அம்மையார் வந்தார். உடம்புக்கு எந்த உறுப்போ, பாதத்தில் அதற்கு ஓர் இடம் என்று வரைபடம் போட்டவர் அவர்தான். 1938ல் அவருடைய புத்தகம் வந்தது. ஊர் ஊராகப் போய்ச் சொல்லியும் கொடுத்தார்.

எகிப்து நாட்டில் சக்காரா என்ற இடத்தில் நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கல்லறை ஒன்று உள்ளது. ஒருவர் கையையும் காலையும் இன்னொருவர் பிடிப்பது போல அங்கே சுவரில் செதுக்கியிருக்கிறார்கள். இதைக் காட்டி, "இது பழங்கால வைத்தியம்" என்று சிலர் சொல்வார்கள். கால் பிடித்துவிடுவது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். அந்தச் சிற்பத்தில் இருப்பவர் நோயைத்தான் குணமாக்கினார் என்று எப்படிச் சொல்வது?

சரி, அங்கே போனால் என்ன செய்வார்கள்? முதலில் விசாரிப்பார்கள். என்ன தொந்தரவு, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். சாய்வு நாற்காலியில் உட்காரவைப்பார்கள். செருப்பையும் காலுறையையும் மட்டும் கழற்றினால் போதும். பாதத்தைத் துடைத்துவிட்டு, கட்டைவிரலால் அழுத்துவார்கள். விரலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, கம்பளிப்பூச்சி ஊர்வது போல நகர்த்துவார்கள். சிலர் சிறு மரக்குச்சியாலும் அழுத்துவார்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

அவர்கள் கணக்குப்படி கால் கட்டைவிரல்தான் தலை. மற்ற விரல்கள் கண், காது. விரலுக்குக் கீழே உள்ள சதை மேடு நெஞ்சு, நுரையீரல். நடுக்குழியில் வயிறு. கல்லீரல் வலது காலில். இதயம் இடது காலில். பாதத்தின் உள் ஓரம் முழுவதும் முதுகெலும்பு. அழுத்தும்போது ஓரிடம் வலித்தால், அந்த உறுப்பில் கோளாறு என்பார்கள்.

இங்கேதான் யோசிக்க வேண்டும். விளக்கு எரிய வேண்டுமானால் சுவிட்சுக்கும் விளக்குக்கும் இடையே கம்பி ஓடவேண்டும் அல்லவா? பாதத்தில் உள்ள நரம்புகள் கால் வழியாக முதுகுத்தண்டுக்குப் போகின்றன. அங்கிருந்து சேதி மூளைக்குப் போகிறது. உள்ளங்காலிலிருந்து கல்லீரலுக்கு நேராக ஓடும் நரம்பு இல்லை. இரண்டு நிலையங்களின் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே உறுப்பு இரண்டு இடத்தில் இருக்கலாம்! நாள் முழுவதும் செங்கல் சுமந்தவர் காலில் எங்கே தொட்டாலும் வலிக்கும். அதற்குக் கல்லீரல் என்ன செய்யும்?

டாக்டர்களும் சும்மா இருக்கவில்லை. சோதித்துப் பார்த்தார்கள். முறையாக நடந்த 18 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2009ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்தது. இந்த முறை நோயைக் குணமாக்கும் என்று நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை. பாதத்தைப் பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். அலுப்பு குறையும். மனம் அமைதியாகும். சிலருக்குத் தூக்கம் நன்றாக வரும். இந்தச் சுகம் உண்மைதான். அதற்காகக் காசு கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும். வீட்டில் பிள்ளைகள் பிடித்துவிட்டால் காசும் மிச்சம். சுகம் வேறு, வைத்தியம் வேறு. ஒன்றை இன்னொன்று என்று விற்பதுதான் தவறு.

ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலை செய்கிறவர். சர்க்கரை நோய் உண்டு. பல ஆண்டாகச் சர்க்கரை இருந்தால் பாதம் மரத்துப் போகும். எறும்பு கடித்தாலும் தெரியாது. "பத்து நாள் வந்தால் மரத்தது சரியாகிவிடும், மாத்திரை வேண்டாம்" என்று ஒரு நிலையத்தில் சொல்கிறார்கள். அவரும் மாத்திரையை நிறுத்துகிறார். மரக்குச்சி அழுத்தியதில் தோல் கிழிகிறது. மரத்த கால், அவருக்கு வலி தெரியவில்லை. நாலு நாள் கழித்துப் புண் நாறுகிறது. சர்க்கரை ஏறிய உடம்பில் புண் எளிதில் ஆறாது. முற்றினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். கால் போனால் வேலை போகும். வேலை போனால் அடுப்பு எரியாது.

ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதம் மரத்தவர்கள், காலில் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அழுத்தவிடக் கூடாது. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி, வலித்து, சூடாக இருந்தால் தொடவே விடாதீர்கள். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். கர்ப்பிணிகளும் முதலில் நர்சம்மாவிடம் கேட்பது நல்லது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. சர்க்கரை, புற்றுநோய் போன்ற நோய்களை இந்த மருந்து குணமாக்கும், இந்தத் தாயத்து குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். மருந்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், குச்சிக்கும் செருப்புக்கும் எவ்வளவு யோசிக்க வேண்டும்! ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி போன்றவற்றை அரசு மருத்துவ முறைகளாக ஏற்றிருக்கிறது. பாத அழுத்தம் அந்தப் பட்டியலில் தனி முறையாக இல்லை.

உங்களுக்கு இப்போது படிக்கத் தெரியும். நிலையத்துச் சுவரில் எழுதியிருப்பதை நின்று படியுங்கள். எத்தனை நாள், ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மொத்தக் காசையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். "மாத்திரையை நிறுத்து" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் இலவசமாகப் பார்க்கிறார்கள்.

இன்று இரவு படுக்கும் முன் ஒரு வேலை. பாதத்தைக் கழுவித் துடையுங்கள். விரல் இடுக்கையும் துடையுங்கள். பிறகு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து அதன் மேலே காலைத் தூக்கிப் பார்க்கலாம். வெடிப்போ கொப்புளமோ இருந்தால் நாளைக்கே சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பார்க்கவேண்டும்.