அசையாத முந்நூறு

(2025 ஏப்ரல் இறுதியில், சிதம்பரத்தில் நடந்த மாற்றுத்திறனாளிகள், பாதுகாப்போர் பொதுக்கூட்டத்தில் பேசியது)

சக்கர நாற்காலியிலும் மூன்று சக்கர வண்டியிலும் வந்து உட்கார்ந்திருக்கிற தோழர்களே, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்கிற தாய்மார்களே, டீக்கடை வாசலில் நிற்கிற பெரியோர்களே! நேரே விஷயத்துக்கு வருகிறேன். வயிறு எரிந்துபோய் வந்திருக்கிறேன்.

போன மாதம் 24ஆம் தேதி டெல்லியில் ஓர் அறிவிப்பு வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் மாதம் 1 லட்சம் இருந்தது, இனி 1 லட்சத்து 24 ஆயிரம். தினப்படி 2,000 இருந்தது, இனி 2,500. மாஜிகளின் ஓய்வூதியம் 25,000 இருந்தது, இனி 31,000. அதுவும் 2023 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டு! ஏன் ஏற்றினீர்கள் என்றால் விலைவாசி ஏறிவிட்டது என்கிறார்கள். 2018லேயே அதற்குச் சட்டம் செய்து வைத்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, பணவீக்கக் குறியீட்டைப் பார்த்து, அவர்கள் சம்பளம் தானாக ஏறும். மனு வேண்டாம், மறியல் வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம்.

சரி, ஏறட்டும். அந்த விலைவாசி எங்கள் தெருவுக்கு வரவில்லையா? எங்கள் வீட்டு அரிசிக்கு, எங்கள் பிள்ளை மாத்திரைக்கு வரவில்லையா?

மத்திய அரசு மாற்றுத்திறனாளிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறது தெரியுமா, டீக்கடைப் பெரியவர்களே? 300 ரூபாய். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் என்று 2009இல் கொண்டுவந்தார்கள். அப்போது 200. 2012 அக்டோபரில் 300 ஆக்கினார்கள். அதோடு சரி! பன்னிரண்டரை வருஷமாக அந்த முந்நூறு அசையவில்லை. எண்பது வயது தாண்டி உயிரோடு இருந்தால் 500. ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், தோழர்களே. இந்தக் கூட்டத்துக்கு வெளியே அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு டீ கிடைக்குமா, கேட்டுப் பாருங்கள்.

நம் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு நாள்கணக்கு புயலில்தான் இருக்கிறது. 2011 டிசம்பர் 30, தானே புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்கடுத்த வருஷம்தான் இந்த முந்நூறு வந்தது. சாய்ந்த முந்திரிக்குப் பதிலாக நட்ட கன்று இன்றைக்கு மரமாகிக் காய்க்கிறது. முந்நூறு மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது! 2015 வெள்ளம் வந்தது, போன வருஷம் ஃபெஞ்சல் புயல் வந்தது, அப்போதும் முந்நூறுதான்.

எம்பிக்கு ஏறிய 24 ஆயிரத்தில் எங்கள் ஆட்கள் 80 பேருக்கு ஒரு மாத முந்நூறு கொடுக்கலாம். ஒரு நாள் படியில் ஏறிய ஐந்நூறு இருக்கிறதே, அந்த ஏற்றம் மட்டுமே எங்கள் மாதத் தொகையைவிடப் பெரியது. அவர்களுடைய ஒரு நாள் ஏற்றம் பெரியது, எங்கள் ஒரு மாத வாழ்க்கை சின்னது! இதைக் கேட்டுவிட்டு எனக்குத் தூக்கம் எப்படி வரும்?

அந்த முந்நூறாவது எல்லாருக்கும் உண்டா? இல்லை. ஊனம் 80 சதவீதம் இருக்க வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு கை விளங்காதவனைப் பார்த்து, உனக்கு 80 தேறவில்லை, போ என்கிறது டெல்லி. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் நாம் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம். இந்தத் திட்டத்துக்குப் பட்ஜெட்டில் ஒதுக்குவது 290 கோடி. சில வருஷமாக அதே 290. வகுத்துப் பாருங்கள், தலைக்கு வருஷத்துக்கு 108 ரூபாய்! 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஊனத்தின் வகை 7. 2016 சட்டத்தில் 21. பட்டியல் மூன்று மடங்கு வளர்ந்தது. அடையாள அட்டை வளர்ந்தது, ஆன்லைன் வளர்ந்தது, ஆதார் இணைப்பு வளர்ந்தது. முந்நூறு வளரவில்லை. சக்கர நாற்காலி வாங்கினால் 5 சதவீதம் ஜிஎஸ்டி கேட்கிறார்கள். அதை மட்டும் எந்த வருஷமும் மறக்கவில்லை.

சிலர் சொல்கிறார்கள், காசு கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவோமாம். என் மகளுக்கு 27 வயது. தூக்கி உட்காரவைத்தால்தான் உட்காருவாள், ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அவள் எந்த வேலைக்குப் போகாமல் சோம்பேறி ஆகப்போகிறாள்? அவளைத் தூக்கித் தூக்கி முதுகு போன நான் சோம்பேறியா?

அவளுக்கு உதவித்தொகை வாங்க ஒரு முறை கைரேகை வைக்கச் சொன்னார்கள். அவள் விரல் இறுகி மடங்கியே இருக்கும். எண்ணெய் தடவி, வெந்நீர் ஒற்றி, கட்டைவிரலைப் பிரித்து மெஷினில் வைத்தேன். விழவில்லை. மறுபடி வைத்தேன். விழவில்லை. மெஷின் வைத்திருந்த பையன் எங்கோ போன் போட்டான். அந்தப் பக்கமிருந்து கேட்கிறார்கள், "ஆள் உயிரோடதான் இருக்காங்களா?" என் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு அந்தப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அந்தப் பையன் நல்லவன், அழுதுவிட்டான். அடுத்த மூன்று மாதம் பணம் வரவில்லை. பணம் வராததைக்கூட விட்டுவிடுகிறேன். சிரிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கிறாள் என்று நான் சான்றிதழுக்கு அலைந்தேனே, அந்த அலைச்சலுக்கு எந்தக் குறியீடு போட்டு ஈடு கட்டுவீர்கள்?

மாநில அரசையும் விடப்போவதில்லை. முன்வரிசையில் ஆளுங்கட்சி அண்ணன் ஒருவர் நெளிகிறார். நெளியாதீர்கள் அண்ணே, நல்லதையும் சொல்லித்தான் திட்டுவேன். 2023 ஜனவரியில் மாத உதவித்தொகை 1,000 ரூபாயை 1,500 ஆக்கினீர்கள், கடும் பாதிப்புள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகையை 2,000 ஆக்கினீர்கள், நன்றி. உலக வங்கிக் கடனுதவியோடு 1,700 கோடிக்கு மேல் போட்டு உரிமைகள் திட்டம் என்று தொடங்கியிருக்கிறீர்கள், விழுதுகள் என்ற சேவை மையம் திறக்கிறீர்கள். இந்த மாதம் 16ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா வந்தது, ஊராட்சியிலும் நகராட்சியிலும் எங்களுக்கு நியமன இடம். அதற்குக் கைதட்டினேன், இப்போதும் தட்டுகிறேன். ஆனால் ஊராட்சி மன்றத்தில் உட்காரப்போகிறவர் மாதம் 1,500 ரூபாயில் சாப்பிட்டுவிட்டுத்தானே அங்கே வர வேண்டும்?

2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகக் கொடு. முதியோருக்கு நம் மாநிலத்தில் 1,200. அதில் கால் பங்கு 300. கூட்டினால் 1,500. சட்டம் போட்ட கோட்டின் மேலேயே காலை வைத்து நிற்கிறீர்கள், ஒரு ரூபாய்கூடத் தாண்டவில்லை! குறைந்தது என்று சட்டம் சொன்னதை, இதற்கு மேல் கூடாது என்று படித்த கணக்குப்பிள்ளை யார்?

பக்கத்து ஆந்திராவில் போன வருஷம் ஜூலையில் 3,000 ரூபாயை ஒரே அடியாக 6,000 ஆக்கினார்கள். எழுந்திருக்கவே முடியாமல் படுக்கையில் கிடப்பவருக்கு 15,000. தெலங்கானாவில் 4,016. எல்லை தாண்டினால் முதுகெலும்பு மாறிவிடுமா? சித்தூரில் பிறந்த பிள்ளைக்கு ஆறாயிரம், சிதம்பரத்தில் பிறந்த பிள்ளைக்கு ஆயிரத்து ஐந்நூறு! ஆந்திரா கடன் வாங்கிக் கொடுக்கிறது என்கிறார் ஒரு பேச்சாளர். நாம் என்ன கடனே வாங்காத வீட்டிலா இருக்கிறோம்? எதற்கெல்லாமோ வாங்குகிறீர்கள், என் மகள் சோற்றுக்கு என்றால் மட்டும் கஜானா ஞாபகம் வருகிறது.

ஒரு கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்த படத்தைப் பார்த்தேன். வண்டிக்குச் சக்கரம் மூன்று, அதைப் பிடித்திருந்த கை பதினெட்டு! வாங்கவேண்டிய தம்பியைத் தேடினேன், எல்லாருடைய வேட்டிக்கும் பின்னால் தலை மட்டும் தெரிந்தது. (சிரிப்பு) மேடைக்கு ஏழு படி, சாய்தளம் இல்லை. படி இருக்கிற மேடையில் ஏறி எங்களுக்காக உருகுகிறார்கள்.

இந்த உருக்கம் ஃபெஞ்சல் புயலில் என்ன ஆனது? டிசம்பர் 2 விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்தார்கள், தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. எச்சரிக்கை எப்படி வந்தது? ஒலிபெருக்கியில். காது கேட்காதவருக்கு ஒலிபெருக்கி எதற்கு? மாடிக்குப் போங்கள் என்றார்கள். எங்களில் எத்தனை பேருக்கு மாடி இருக்கிறது, இருந்தால் யார் தூக்குவது? அக்கம்பக்கத்துப் பையன்கள் தூக்கினார்கள், நாற்காலியோடு தூக்கினார்கள், அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். அரசாங்கம் தூக்கவில்லை!

பணம் இல்லை என்று இனி எந்த டெல்லிக்காரரும் சொல்லக் கூடாது. 24ஆம் தேதி சம்பள அறிவிப்புக்குப் பிறகு அந்தப் பேச்சு செல்லாது. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்று 2016 சட்டத்தில் ஒரு சொல்லை வைத்து ஒளிகிறார்கள். உங்கள் சம்பளத்துக்கு அந்த வலிமை எங்கிருந்து வந்தது? நாங்கள் கோயில் தேர் கேட்கவில்லை, கோயில் கூரையின் தங்க ஓடு கேட்கவில்லை. டெல்லி தன் முந்நூறை முதலில் மூவாயிரம் ஆக்கட்டும். 80 சதவீத வரம்பை 40 ஆக்கட்டும். எம்பி சம்பளத்தை எந்தக் குறியீட்டில் கட்டினார்களோ அதே குறியீட்டில் எங்கள் தொகையையும் கட்டட்டும், அவர்களுக்கு ஏறுகிற அன்று எங்களுக்கும் ஏறட்டும். சென்னை ஆறாயிரம் கொடுக்கட்டும்.

வருகிற திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். காலை எட்டு மணிக்கு இங்கிருந்து வேன் புறப்படும், நாற்காலியோடு ஏறப் பலகை போட்டிருக்கிறோம். அடையாள அட்டை ஜெராக்ஸ் இரண்டு, பாஸ்புக் முதல் பக்கம், ரேஷன் கார்டு கொண்டுவாருங்கள். கைரேகை விழாமல் பணம் நின்றவர்கள் இப்போதே மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிற தோழரிடம் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். எழுத முடியாதவர்கள் சொன்னால் போதும், அவர் எழுதிக்கொள்வார்.