வலிக்கு வாய்த்த சொற்கள்

பத்தாண்டு நிறைவு காணும் வட்டத்தின் உறுப்பினர்களே, கவிஞர் பெருமக்களே!

பண்டைத் தமிழில் 'வலி' என்பது வலிமையைக் குறித்தது. திருக்குறளின் 48ஆம் அதிகாரமாகிய வலியறிதல் அப்பொருளிலேயே நிற்கிறது. துன்பத்தைச் சுட்டியது 'நோ' என்னும் வேர். நோய், நோவு, நோதல் யாவும் அதன் கிளைகள். சங்கப் புலவர் காதல் துயரையும் நோய் என்றே பாடினர். ஒரு சொல் பல பொருள் தாங்குவது கவிதைக்குச் செல்வம். மருத்துவரின் முன்னே அதுவே இடர்.

செல்லிப்பட்டிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குச் செல்லும் உழவர் ஒருவர் 'நெஞ்சைக் கரிக்கிறது' என்கிறார் என்று கொள்வோம். அது புளித்த ஏப்பமாக இருக்கலாம். மாரடைப்பும் சிலருக்கு எரிச்சலாகவே தோன்றும். நடந்தால் கூடுகிறதா, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்க்கிறதா என்னும் வினாக்களே இரண்டையும் பிரிக்கத் தொடங்குகின்றன. 'இழுப்பு' என்பது ஓரிடத்தில் வலிப்பு, வேறோரிடத்தில் மூச்சிரைப்பு. நிறைமாதப் பெண்ணின் 'இடுப்பு வலி' முதுகு நோவு அன்று, பேற்றின் அறிகுறி. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மருத்துவர் இவ்வேறுபாட்டை எங்ஙனம் அறிவார்?

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்டு மெல்சாக் 1975இல் வெளியிட்ட வினாத்தாள், வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக வகுத்தது. எவ்வளவு வலி என்பதோடு எத்தகைய வலி என்பதையும் கேட்டறிய அது வழிசெய்தது. அத்தகைய சொற்செல்வம் தமிழ் ஊர்களில் முன்பே உண்டு. மூட்டில் குடைச்சல், கைகாலில் உளைச்சல், சிறுநீரில் கடுப்பு, விலாவில் பிடிப்பு. சீழ்கொண்ட விரல் 'விண்விண்' எனத் தெறிக்கும். நரம்பு 'சுரீர்' என இழுக்கும். இவை அணியல்ல, அறிகுறிகள். அனைத்தையும் 'வலி' என்னும் ஒரே சொல்லில் அடக்கி ஏட்டில் எழுதும்போது, நோயாளி தந்த சான்று பாதியில் உதிர்ந்துவிடுகிறது.

மருத்துவர் மொழிக்கும் இது பொருந்தும். 'படத்தில் காரணம் புலப்படவில்லை' என்பது உண்மை. 'உமக்கு ஒன்றுமில்லை' என்பது வேறு கூற்று. நோயாளியைப் பொய்யராக்கும் கூற்று. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகள், வலி எப்போதும் தனிமனித அனுபவம் என்றும், வலிக்கிறது என்பவரின் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. சொல்ல இயலாமையால் வலி இல்லையென்று ஆகிவிடாது என்பதும் அதிலுண்டு. குழந்தைகளுக்கும் நினைவிழந்தோர்க்கும் அதுவே காப்பு.

1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். கலைச்சொல் பணி அன்றே தொடங்கிற்று. எஞ்சி நிற்பது நோயாளியின் சொல்லைத் தொகுக்கும் பணி.

அப்பணி கவிஞர்க்கு உரியது. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் முதியோரும் மருத்துவச்சியரும் வழங்கும் நோவுச் சொற்களை, எவ்வுறுப்பில், எப்பொழுது, எவ்வாறு என்னும் குறிப்புடன் தொகுத்து மருத்துவர் கையில் சேர்த்தால், இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டு பயனுடையதாகும். உவமைக்குச் சொல் தேடுவோர், உயிருக்கும் சொல் தேடுக.